திரைக்கு எதிரே அமர்ந்தவர்கள்: திருநர் திரைப்பட விழாக்களைக் குறித்து

ஒரு திரைப்படத்தை மதிப்பிடப் புகுந்தவர்கள், அதை எடுத்தவர் யார், நடித்தவர் யார், கதை எவருடைய வாழ்விலிருந்து பிறந்தது என்றெல்லாம் விசாரிப்பது சகஜமே. ஆனால் அப்படம் எவரைத் தன் முன்னே அமர்த்திக்கொண்டு பேசுகிறது, எவர் சிரிப்பார் என்று எண்ணி ஹாஸ்யத்தை வைத்திருக்கிறது, எவர் திடுக்கிடுவார் என்று கணித்து ரகசியத்தை மறைத்திருக்கிறது என்ற விசாரணை அபூர்வமாகவே நிகழ்கிறது. பெரும்பான்மையோருக்கு அக்கேள்வி தோன்றாமற்போவதற்குக் காரணம், படம் எப்போதும் அவர்களை நோக்கியே பேசிக்கொண்டிருப்பதுதான். திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் அந்தச் சௌகரியம் வாய்த்ததில்லை. தங்களைப் போன்ற ஓர் உருவம் திரையில் தோன்றும்போதெல்லாம், அது பிறர் நகைக்கவோ அஞ்சவோ இரங்கவோ வைக்கப்பட்ட காட்சி என்பதை, பக்கத்து நாற்காலியிலிருந்து எழும் சிரிப்பொலியே அவர்களுக்கு அறிவித்து வந்தது. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மேல்நாட்டு நகரங்கள் சிலவற்றில் தோன்றி, இன்று பல தேசங்களில் கிளைத்திருக்கும் திருநர் திரைப்பட விழாக்களின் தாத்பரியத்தை இவ்விடத்திலிருந்து ஆராயத் தொடங்குவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. இவ்விழாக்களை நடத்துவோர் அவற்றைக் கொண்டாட்டம் என்றே அழைக்கிறார்கள், அதில் பிழையில்லை. ஆயினும் கொண்டாட்டத்துக்கு வேறு இடங்களும் உண்டு. படம் எவரை நோக்கிப் பேசவேண்டும் என்பதை மாற்றிக் காட்டுவதற்கு மட்டும் வேறு இடம் இருக்கவில்லை.

அவ்விழாக்கள் எந்தச் சூழலுக்கு மாறாக எழுந்தன என்பதைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்கவேண்டும். பெண்ணுடை தரித்த ஆணாக ஒரு பாத்திரம் அமெரிக்கச் சினிமாவில் தோன்றினால், அது விகடத்துக்கு உரியது, இல்லையேல் கொலைக்கு உரியது என்பது நெடுங்காலம் எழுதப்படாத சம்பிரதாயமாகவே இருந்து வந்தது. 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ', 1991இல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' ஆகிய இரண்டிலும் கொலைகாரன் பெண் வேஷத்தில் காட்டப்பட்டுப் பீதி உண்டாக்கப்படுகிறது. அவன் மெய்யாகவே அத்தகைய பிறவி அல்லன் என்று இரண்டிலுமே வசனத்தில் ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது என்றாலும், வசனம் மறந்துபோய்விடும், உருவம் மறப்பதில்லை. இவற்றைக் காட்டிலும் நுட்பமான உதாரணம், அயர்லாந்து இயக்குநர் நீல் ஜோர்டன் 1992இல் எடுத்த 'தி க்ரையிங் கேம்' என்னும் படம். அதன் கதாநாயகி ஒரு திருநங்கை என்பதைப் பாதிப் படம் வரையில் மறைத்துவைத்து, உடலைக் காட்டும் ஒரே காட்சியில் வெளியிட்டு, அதுவரை அவளைக் காதலித்தவன் அவளை அடித்துவிட்டு வாந்தியெடுக்கும்படி செய்திருக்கிறார்கள்; அந்த ரகசியத்தை வெளியிட வேண்டாமென்று அமெரிக்க விநியோகஸ்தர்கள் விமர்சகர்களைக் கேட்டுக்கொண்டதே பெரிய விளம்பரமாகவும் அமைந்துவிட்டது. அந்தப் படம் அப்பெண்ணிடம் அநுதாபம் இல்லாதது என்று சொல்ல முடியாது. பிற்பாதியில் அவளுடைய கௌரவத்தை அது காப்பாற்றவே முயல்கிறது. ஆனால் கொட்டகையில் ஒரு திருநங்கை அமர்ந்திருந்தால் அவளுக்கு அதில் என்ன ரகசியம் இருக்கமுடியும்? கதாநாயகியை முதற்காட்சியிலேயே அவள் அடையாளம் கண்டிருப்பாள். மற்றவர்கள் ஆச்சரியத்துக்காகக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரமும் அவள் அடிக்காகக் காத்திருந்திருப்பாள். இரண்டு வருஷங்களுக்குப் பின்னர் 'ஏஸ் வெஞ்சுரா' என்ற கேலிப்படம் அந்த வாந்தியை எடுத்துப் பெரிதாக்கி, ஒரு கூட்டமே அருவருப்படையும் ஹாஸ்யமாகச் செய்தபோது, அநுதாபத்தின் மிச்சமும் ஒழிந்தது.

இப்படி ஒரு காலத்தில், 1997ஆம் ஆண்டில், சான் பிரான்சிஸ்கோ, டொராண்டோ, லண்டன் ஆகிய மூன்று நகரங்களில், ஏறக்குறைய ஒரே சமயத்தில், திருநர் படங்களுக்கென்று பிரத்தியேகமான விழாக்கள் தொடங்கின. டொராண்டோவில் மிர்ஹா சொலேய் ராஸ் என்னும் கலைஞர் 'கவுண்டிங் பாஸ்ட் டூ' என்ற விழாவையும், லண்டனில் ஸக்கரி நடாஃப் சர்வதேசத் திருநர் படவிழாவையும் ஆரம்பித்தார்கள். இந்த ஒருமிப்பு தற்செயலானதன்று. கையில் அடங்கும் வீடியோ காமிரா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மலிவாகிவிட்டது. ஸ்டூடியோவின் தயவும் முதலாளியின் பணமும் இல்லாமல் ஒருவர் தம் நண்பர்களைத் தம் அறையிலேயே படமெடுக்கலாம் என்ற நிலை வந்திருந்தது. மற்றொரு காரணம் துயரமானது. 1993 டிசம்பர் கடைசி நாளில் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிராண்டன் டீனா என்ற இளைஞர், அவர் திருநம்பி என்பதற்காகவே கொலை செய்யப்பட்டார். அந்த வழக்கு நடந்த காலத்தில் நாடெங்குமிருந்து திருநர்கள் ஒருவரை ஒருவர் கண்டு, சேர்ந்து, நீதிமன்ற வாசலில் நின்றார்கள். தனித்தனியே வாழ்ந்தவர்கள் ஒரு சமூகமாகத் தங்களை உணரத் தொடங்கிய தசாப்தம் அது. பின்னர் அவருடைய கதை 'பாய்ஸ் டோன்ட் க்ரை' என்ற பெயரில் 1999இல் படமாகி, அவர் வேஷத்தில் நடித்த ஹிலரி ஸ்வாங்க் என்னும் நடிகைக்கு ஆஸ்கர் பரிசும் வாங்கித் தந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வது போதும்.

மூன்று நகரங்களுள் சான் பிரான்சிஸ்கோவின் விழாவே இன்றளவும் நீடித்து நிற்பது. அந்நகரத்தில் டெண்டர்லாயின் என்றொரு வறிய பகுதி உண்டு; வேலையும் வீடும் மறுக்கப்பட்ட திருநங்கைகள் அங்கே மலிவு விடுதிகளில் குடியிருந்தார்கள். 1966 ஆகஸ்டு மாதத்து இரவொன்றில், காம்ப்டன் என்ற உணவுவிடுதியில், கையைப் பற்றியிழுத்த போலீஸ்காரர் ஒருவருடைய முகத்தில் ஒரு திருநங்கை காப்பியை வீசியெறிய, நாற்காலிகள் பறந்து, ஜன்னல் கண்ணாடிகள் உடைந்து, தெருவரையில் கலகம் பரவிற்று. உரிமைப் போராட்டத்தின் தொடக்கமென்று பலரும் கருதும் நியூயார்க்கின் ஸ்டோன்வால் கலவரத்துக்கு மூன்று வருஷம் முந்திய சம்பவம் இது. ஆயினும் சரித்திரத்தில் இதற்கு இடமில்லாமற் போயிற்று. சூசன் ஸ்ட்ரைக்கர் என்ற சரித்திர ஆசிரியை, 1972ஆம் ஆண்டு ஊர்வலமொன்றின் மலரில் அகப்பட்ட சிறு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, சாட்சிகளைத் தேடிக் கண்டுபிடித்து, விக்டர் சில்வர்மனுடன் சேர்ந்து 2005இல் 'ஸ்க்ரீமிங் க்வீன்ஸ்' என்னும் ஆவணப்படமாக்கிய பிறகே உலகம் அதை அறிந்தது. ஸ்ட்ரைக்கர் தாமும் ஒரு திருநங்கை என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

இந்த நகரத்தில்தான் கிறிஸ்டபர் லீ என்ற திருநம்பி இயக்குநரும், எலிஸ் ஹர்விட்ஸ், அலெக்ஸ் ஆஸ்டின் ஆகிய தோழர்களும் சேர்ந்து 1997இல் முதல் விழாவை நடத்தினார்கள். வசைச்சொல் ஒன்றையே துணிந்து பெயராகச் சூட்டிக்கொண்டு அது பிறந்தது. பின்னர் அப்பெயரைக் கைவிட்டு, சான் பிரான்சிஸ்கோ திருநர் திரைப்பட விழா என்ற சாதுவான நாமத்தை ஏற்றது. லீ தம் சொந்த வாழ்வையும் தம்மைச் சூழ்ந்திருந்த திருநம்பிகளின் வாழ்வையும் 'கிறிஸ்டபர்ஸ் க்ரானிக்கிள்ஸ்', 'ட்ராப்பிங்ஸ் ஆஃப் ட்ரான்ஸ்ஹுட்' முதலிய சிறு வீடியோப் படங்களாக எடுத்தவர். அவற்றில் கவனிக்கவேண்டிய விசேஷம், எவருக்கும் எதையும் முதலிலிருந்து விளக்கவேண்டிய பொறுப்பு அவற்றுக்கு இல்லை என்பது. 'திருநம்பி என்றால் யார்' என்ற பாலபாடம் அங்கே நடத்தப்படுவதில்லை. பார்ப்பவருக்கு அது தெரியும் என்று வைத்துக்கொண்டே பேச்சு தொடங்குகிறது. ஆகவே சினேகம், வேட்கை, சலிப்பு, பரிகாசம், தங்களுக்குள்ளேயே நிலவும் நிற பேதமும் ஜாதி பேதம் போன்ற பாகுபாடுகளும் என்று, பாலபாடத்துக்கு அப்பால் இருக்கும் விஷயங்களுக்குப் போக நேரம் கிடைக்கிறது.

லீயின் மரணத்துக்குப் பின் நடந்த ஒரு விஷயம், இக்கட்டுரைக்கு நேர் சம்பந்தமில்லாததுபோல் தோன்றினும், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 2012 டிசம்பரில் அவர் காலமானபோது, ஓட்டுநர் உரிமம் முதலிய பத்திரங்களெல்லாம் அவரை ஆணென்றே குறித்திருக்க, அவற்றை நண்பர்கள் எடுத்துக்காட்டியும், மரணச் சான்றிதழில் அதிகாரிகள் 'பெண்' என்று எழுதிவிட்டார்கள். ஆயுள் முழுவதும் தம்மைத் தாமே சித்திரித்துக்கொள்வதற்காகக் காமிராவைக் கையிலெடுத்த ஒருவரைப் பற்றிக் கடைசி வரியை எழுதும் உரிமை, அவரை அறியாத ஒரு குமாஸ்தாவின் பேனாவுக்குப் போயிற்று. நண்பர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய முயற்சியின் பயனாக, டோனி அட்கின்ஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா 2014இல் கலிபோர்னியாவில் நிறைவேறியது. மரணமடைந்தவர் எந்தப் பாலினராக வாழ்ந்தாரோ அதையே சான்றிதழில் பதியவேண்டும் என்று விதிக்கும் அச்சட்டம் 2015 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்தது. ஒரு படவிழாவின் ஸ்தாபகர் பொருட்டு உண்டான சட்டம் உலகில் வேறு இருக்கிறதா என்று நான் அறியேன்.

2003 முதல் அவ்விழாவின் கலைப்பொறுப்பை வகித்துவருபவர் ஷானா விராகோ என்னும் பாடகி. நவம்பர் மாதத்தில், மிஷன் பேட்டையில் நூறாண்டுப் பழைமையுள்ள ராக்ஸி என்ற சிறு கொட்டகையில் விழா நடப்பது வழக்கம். அங்கே காட்டப்படுபவை பெரும்பாலும் குறும்படங்கள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் ஓடுபவை. ஒரே அமர்வில் பல படங்கள் அடுத்தடுத்து வரும். இந்த அமைப்பை வறுமையின் விளைவு என்று மட்டும் எண்ணுவது குறைபட்ட பார்வை. பத்து வருஷத்துக்கு ஒரு முறை பெருந்திரையில் வரும் ஒரே ஒரு திருநங்கைப் பாத்திரம் ஒரு சமூகம் முழுவதையும் தோளில் சுமந்துகொண்டு நிற்கவேண்டியிருக்கிறது. அவள் கோபித்தால் திருநங்கைகள் எல்லாரும் கோபக்காரர், அவள் பொய் சொன்னால் எல்லாரும் பொய்யர் என்றாகிவிடுகிறது. ஆதலால் நல்லெண்ணமுள்ள கதாசிரியன் அவளைக் குற்றமற்ற தெய்வமாக்கிவிடுகிறான். தெய்வத்துக்கு நாடகத்தில் செய்வதற்கு வேலை ஏதும் இல்லை. ஒரே மாலையில் பத்துப் பன்னிரண்டு படங்கள் வரிசையாக ஓடினால் அந்தச் சுமை பங்கிடப்பட்டு விடுகிறது. ஒன்றில் வருபவள் சோம்பேறியாக இருக்கலாம். இன்னொன்றில் வருபவன் காதலியை ஏமாற்றலாம். மூன்றாவதில் ஒரு கிழவி தன் பூனையைத் தேடிக்கொண்டிருக்கலாம், அவள் திருநங்கை என்பது அதில் ஒரு சங்கதியாகவே இல்லாமலும் போகலாம். படங்களில் சில மிகச் சாதாரணமானவை என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடவேண்டும். ஒலி தெளிவில்லாதவை, நடிப்புப் பழகாதவை, நண்பர்களுக்கு மட்டும் ரசிக்கத்தக்கவை ஆகியன எந்த விழாவிலும் கலந்தே வரும். ஆனால் சாதாரணமான படம் எடுக்கும் சுதந்திரமும் ஒரு சுதந்திரந்தான். மற்றவர்கள் அதை நூறாண்டுகளாக அநுபவித்து வந்திருக்கிறார்கள்.

தனி விழா எதற்கு, தன்பாலீர்ப்பினரின் விழாக்கள் முன்பே இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன, சான் பிரான்சிஸ்கோவிலேயே ஃப்ரேம்லைன் என்ற ஸ்தாபனம் 1977 முதல் அத்தகைய விழாவை நடத்திவருகிறது, உலகில் அதுவே மூத்தது. அங்கே திருநர் படங்களுக்கும் இடம் கிடைத்ததுண்டு. ஆனால் இடம் கொடுப்பதும் இடத்தை நிர்வகிப்பதும் வேறுவேறு என்பதை 2007இல் நேர்ந்த தகராறு விளக்கிற்று. காதரின் க்ரவுச் என்பவர் எடுத்த 'தி ஜெண்டர்கேட்டர்' என்ற குறும்படத்தை ஃப்ரேம்லைன் அவ்வருஷம் தேர்ந்தெடுத்திருந்தது. பெண்ணை நேசிக்கும் பெண்கள் கட்டாயமாகப் பாலினம் மாற்றப்படும் ஓர் எதிர்காலத்தை அது கற்பனை செய்தது. திருநர்கள் அதைத் தங்கள் மேல் வீசப்பட்ட அவதூறாகக் கருதி விண்ணப்பம் திரட்ட, விழாக்குழு படத்தை விலக்கிக்கொண்டது. அதன்பேரில் கலைஞரின் சுதந்திரம் பறிபோயிற்று என்று ஒரு சாராரும், எங்களை இழிவுபடுத்தும் படத்தை எங்களுக்கும் உரிய விழாவில் ஏன் காட்டவேண்டும் என்று மறுசாராரும் வாதிட்டனர். இரு கட்சிக்கும் நியாயம் உண்டு என்பது என் அபிப்பிராயம். படத்தைக் காட்டி, பின்பு மேடையில் வாதம் நிகழ்த்தியிருக்கலாம் என்றே எனக்கு இன்றும் படுகிறது. எனினும் தேர்வுக்குழுவில் திருநர் சிலராவது அமர்ந்து முதலிலேயே அதைப் பார்த்திருந்தால், அந்த வாதம் தெருவில் நடவாமல் மேசையில் நடந்திருக்கும்.

பிற நகரங்களின் வரலாற்றை விரைந்து கூறலாம். ஆம்ஸ்டர்டாமில் 2001இலும், சியாட்டிலில் 2006இலும், இத்தாலியின் பொலோன்யாவில் 2008இலும் இத்தகைய விழாக்கள் தோன்றின. பொலோன்யாவின் 'டிவெர்ஜெந்தி' விழாவை நடத்துவது படச்சங்கம் அன்று. திருநரின் உரிமைக்காகப் பல்லாண்டுகளாக உழைத்துவரும் இயக்கமே நடத்துகிறது. 1982லேயே பாலினமாற்றத்தைச் சட்டபூர்வமாக அங்கீகரித்த தேசம் இத்தாலி என்பதையும், அச்சட்டத்துக்காகப் போராடியவர்களே பிற்காலத்தில் படவிழாவுக்கும் வந்தார்கள் என்பதையும் சேர்த்து நோக்கினால், சட்டம் கிடைத்த பின்னரும் மீதியிருந்த வேலை இன்னதென்று விளங்கும்.

தனிக் கொட்டகை என்பது தனிச் சேரியாகிவிடாதா, தங்களுக்குள்ளேயே காட்டிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் இருந்தால் ஊரார் மனம் எப்படி மாறும் என்பது இவ்விழாக்களின் மேல் சொல்லப்படும் ஆட்சேபணைகளுள் வலுவானது. இதற்கு ஆதாரமாகப் பொதுவிழாக்களில் கிட்டிய வெற்றிகளைக் காட்டுவார்கள். 2015இல் ஷான் பேக்கர் ஐபோனில் படம்பிடித்த 'டாஞ்சரின்', இரண்டு திருநங்கைகளையே முதன்மைப் பாத்திரங்களில் நடிக்கவைத்து, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளில் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் அவர்கள் போடும் சண்டையையும் சிரிப்பையும் சினேகத்தையும் உலகம் ரசிக்கச் செய்தது. சிலி தேசத்து 'எ ஃபெண்டாஸ்டிக் உமன்' 2018இல் ஆஸ்கர் பெற்றது. அதில் நடித்த டானியெலா வேகா என்ற திருநங்கை, அவ்விருது மேடையில் அறிவிப்பாளராகத் தோன்றிய முதல் திருநர் ஆனார். அதே ஆண்டில் சிலியின் பாலின அடையாளச் சட்டமும் நிறைவேறியது. இவையெல்லாம் பெரிய காரியங்களே, சந்தேகமில்லை. ஆனால் இவ்விரண்டு படங்களையும் இயக்கியவர்கள் திருநர் அல்லர் என்பதையும், திருநர் இயக்கிய படங்கள் அந்த மேடையை எட்டுவது இன்னமும் அபூர்வமாயிருப்பதையும் காண்கையில், சிறு கொட்டகையின் தேவை தீர்ந்துவிட்டதாக எப்படிக் கருதுவது? கலைஞன் ஒருவன் பழகிக்கொள்வதற்கும், தவறுவதற்கும், தன் மொழியறிந்த ரசிகரிடம் தன் முதல் முயற்சியைக் காட்டுவதற்கும் ஓர் இடம் வேண்டும். 'டிஸ்க்ளோஷர்' என்ற 2020ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் இயக்குநர் சாம் ஃபெடர் கைக்கொண்ட முறை இங்கே பொருந்தும்: தொழில்நுட்பக் குழுவில் இயன்றவரை திருநரையே அமர்த்தி, அது இயலாதபோது, அமர்த்தப்பட்டவர் ஒரு திருநருக்கு அத்தொழிலைக் கற்பிக்கும்படி ஏற்பாடு செய்தார்.

காட்சிக்கு வருவதால் வரும் ஆபத்தையும் மறைக்கக்கூடாது. 1990இல் வெளிவந்து புகழடைந்த 'பாரிஸ் இஸ் பர்னிங்' என்னும் நியூயார்க் ஆவணப்படத்தில் தம் கனவுகளை மனம்விட்டுச் சொன்ன வீனஸ் எக்ஸ்ட்ராவகான்ஸா என்ற இளம் திருநங்கை, படப்பிடிப்பு முடிவதற்குள்ளேயே கொலையுண்டார். 2023இல் டி. ஸ்மித் என்ற திருநங்கை இயக்கிய 'கொகொமோ சிட்டி' சண்டான்ஸ் விழாவில் பரிசுகள் பெற்ற சில மாதங்களுக்குள், அதில் தோன்றிய நால்வருள் ஒருவரான கோகோ டா டால் அட்லாண்டாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். முப்பத்து மூன்று வருஷ இடைவெளியில் எடுக்கப்பட்ட இவ்விரண்டு படங்களுக்கும் நேர்ந்த ஒற்றுமையை நினைக்கையில், திரையில் தெரிவது பாதுகாப்பு ஆகாது என்று புலப்படுகிறது. 'சதர்ன் கம்ஃபர்ட்' என்ற 2001ஆம் ஆண்டுப் படமோ வேறு வகைக் கொடுமையைக் காட்டுகிறது: ஜார்ஜியா மாநிலத்து ராபர்ட் ஈட்ஸ் என்ற திருநம்பி, சூலகத்தில் புற்றுநோய் கண்டு அலைந்தபோது, இருபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவருக்குச் சிகிச்சையளிக்க மறுத்துவிட்டார்கள். ஆனால் அப்படத்தில் என் மனத்தில் தங்கியது வைத்தியர்களின் மறுப்பன்று. கட்டைப் புகைக்குழாயும் நாட்டுப்புறப் பேச்சுமாக, நண்பர்களைக் குடும்பமென்று கூட்டிவைத்துக்கொண்டு, சாவை அறிந்தே அந்த மனிதர் விருந்து வைக்கும் தோரணை.

நம் தேசத்துக்கு வருவோம். மும்பையில் 2010 முதல் ஸ்ரீதர் ரங்கய்யன் நடத்திவரும் காஷிஷ், சென்னையில் 2013இல் தொடங்கிய 'ரீல் டிசையர்ஸ்' ஆகிய பால்புதுமையினர் விழாக்களில் திருநர் படங்களும் இடம்பெறுகின்றன. தமிழ்த் திரையின் நெடிய ஏளனச் சரித்திரத்தை நான் இங்கே விரித்துரைக்கப் போவதில்லை. நகைச்சுவைக் காட்சிகளை அறியாத வாசகர் இலர். 2000இல் 'அப்பு' ஒரு திருநங்கையைக் கொடிய வில்லியாகவும், 2011இல் 'காஞ்சனா' மற்றொருத்தியை நீதி கேட்கும் ஆவியாகவும் காட்டின. அச்சத்திலிருந்து இரக்கத்துக்கு ஓர் அடி. 'காஞ்சனா' வந்த அதே வருஷத்தில் 'நர்த்தகி' என்ற படத்தில் கல்கி சுப்ரமணியம் என்ற திருநங்கையே நாயகியாக நடித்தார். பின்னர் ராமின் 'பேரன்பு' படத்தில் அஞ்சலி அமீர் நடித்தார். மலையாளத்தில் 'அந்தரம்' படத்துக்காகத் தமிழ்நாட்டைச் சேர்ந்த நேகா கேரள அரசின் விருது பெற்றார். இவர்களுக்கு நேர் எதிரே, லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய சுயசரிதை கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' என்று படமானபோது, அவர் வேஷத்தை ஏற்ற சஞ்சாரி விஜய் என்ற நடிகர் தேசிய விருது பெற்றதையும், 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதி தேசிய விருது பெற்றதையும் வைத்து, நடிகர் யாராக இருக்கவேண்டும் என்ற சர்ச்சை வளர்ந்தது. நடிப்பு என்பதே பிறராவதுதான் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பிறராகும் வாய்ப்பு ஒரு பக்கத்தாருக்கு மட்டுமே கொடுக்கப்படுமானால், அதைக் கலைத் தத்துவம் என்று சொல்வதைவிட வேலைப் பங்கீடு என்று சொல்வதே பொருந்தும்.

'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் நடிகரைக் காட்டிலும் முக்கியமான ஒன்றை நான் கவனிக்கிறேன். ஷில்பா தன் மகனுடன் பழகும் காட்சிகள் அருமையானவை; அப்பனைச் சேலையில் கண்ட குழந்தை அதை ஒரு பொருட்டாகவே கருதாமல் கையைப் பிடித்துக்கொள்ளும் இடத்துக்கு ஈடாகச் சொல்லத் தமிழ்த்திரையில் அதிகமில்லை. ஆனால் அதே படத்தில், பம்பாயில் குழந்தைகளைக் கடத்திப் பிச்சையெடுக்கும் கூட்டத்துக்குக் கொடுத்ததாக ஷில்பா ஒப்புக்கொள்ளும் காட்சியும் வருகிறது. பொது ரசிகருக்கு அது பாத்திரத்தின் பாவமும் பச்சாத்தாபமும் கலந்த ஆழம். தெருவில் 'பிள்ளை பிடிக்கிறவள்' என்ற பழிச்சொல்லைக் கேட்டே நடந்துபோகும் திருநங்கைக்கு அது மறுபடியும் அதே பழி. சிலர் அதைக் கண்டித்தது இதனால்தான். ஒரே காட்சி, இரண்டு நாற்காலிகளில் இரண்டு பொருள் கொள்கிறது. எழுதியவரின் மனக்கண்ணில் ஒரு நாற்காலிதான் இருந்திருக்கிறது.

இதற்கு மாறாக வேறு இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். லீனா மணிமேகலை 2017இல் எடுத்த ஆவணப்படத்தில், ஸ்மைலி, கிளாடி என்ற இரண்டு திருநங்கைக் கலைஞர்கள் சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். போபாலின் ஏக்தாரா குழுவினர் 2022இல் எடுத்த 'ஏக் ஜகஹ் அப்னி' என்ற கதைப்படத்திலும் இரண்டு திருநங்கைகள் வீடுதான் தேடுகிறார்கள். கொலையில்லை, அறுவைசிகிச்சையில்லை, ரகசியம் வெளிப்படும் காட்சியில்லை. தரகர் வருவதும், வீட்டுக்காரர் முகம் மாறுவதும், அடுத்த தெருவுக்கு நடப்பதுந்தான் கதை. முன்பணம் கொடுக்கப் பணம் இருந்தும் சாவி கிடைக்காத அந்த அலைச்சலைப் பார்த்த எவரும், மொழியும் மாநிலமும் வேறானாலும், இரண்டும் ஒரே வீதியில் நடப்பதாகவே உணர்வார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பின்றி எடுக்கப்பட்ட படங்களுக்கு இடையே இப்படிப்பட்ட உறவு புலப்படவேண்டுமானால், அவற்றைத் தேர்ந்து அடுத்தடுத்து வைக்க ஒருவர் வேண்டும். அந்தக் காரியத்தைச் செய்வதே விழா.

பணமும் பாதுகாப்பும் இவ்விழாக்களின் தீராத கவலைகள். தொண்ணூறுகளின் வீடியோ நாடாக்கள் காந்தப் பூச்சு உதிர்ந்து அழிந்துகொண்டிருக்கின்றன. திரையரங்குக்கு வராத படங்களாதலால் அவற்றுக்கு வேறு பிரதிகளும் இல்லை. விழா அட்டவணையில் இருக்கும் மூன்று வரிக் குறிப்பே பல படங்களுக்கு எஞ்சும் சாட்சியம். அமெரிக்காவில் 2025இல் தேசியக் கலை நிதியம், பாலினக் கொள்கையைப் பரப்பமாட்டோம் என்று உறுதி கூறுவோருக்கே மானியம் என்றொரு நிபந்தனையைப் புகுத்த முற்பட்டது. ரோட் ஐலந்திலுள்ள ஒரு கலை ஸ்தாபனமும் பிறரும் வழக்குத் தொடுக்க, நீதிமன்றம் அது கருத்துரிமைக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் வெற்றி கிடைத்தாலும், நன்கொடையாளரின் தயக்கத்தைத் தீர்ப்பால் போக்கிவிட முடிவதில்லை.

தமிழ்நாட்டில் இத்தகைய விழாவுக்குப் பெரும் பொருள் தேவையில்லை என்று எண்ணுகிறேன். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகத்துக்குத் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அரவானின் பெயரால் தாலி கட்டிக்கொள்வதையும், மறுநாள் அதை அறுத்து அழுவதையும் படம்பிடிக்கத் தேசதேசாந்தரங்களிலிருந்து காமிராக்களும் வருகின்றன. அப்படி எடுக்கப்பட்ட படங்களை அந்தத் திருநங்கைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? விழாவுக்கு முந்திய நாட்களில் விழுப்புரத்தில் அழகுப்போட்டியும் கருத்தரங்கும் மண்டபங்களில் நடைபெறுகின்றன. அதே மண்டபத்தில் ஒரு புரொஜெக்டரும் ஒரு வெள்ளைத் திரையும் வைத்து, மேற்சொன்ன வீடு தேடும் படங்களையும், சான் பிரான்சிஸ்கோவிலும் பொலோன்யாவிலும் காட்டப்பட்ட குறும்படங்களில் பத்தையும், தமிழ் வசனவரிகளோடு காட்டலாம். பத்து நிமிஷப் படமொன்றுக்கு வசனவரி எழுதுவது, இரு மொழியறிந்த ஒருவருக்குச் சில நாள் வேலைக்கு மேற்பட்டதன்று. கூவாகத்தைப் பற்றி வெளியார் எடுத்த படங்களையும் ஒளிக்காமல் காட்டி, அவற்றைப் பற்றிப் படம்பிடிக்கப்பட்டவர்களே மைக்கைப் பிடித்துப் பேச விடலாம். எதைக் காட்டுவது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கும் குழுவில் ஜமாத்தின் மூத்தவர்களும், படிக்கும் இளைய திருநங்கைகளும், எண்ணிக்கையில் குறைவென்று எப்போதும் விட்டுப்போகிற திருநம்பிகளும் இருக்கவேண்டும். சென்னையிலிருந்து போகும் நம்மைப் போன்றவர்கள் நாற்காலி தூக்கிப் போடலாம்.